கடைசி வரி வரைக்கும் தெரியுது

அத்தியாயம் 14

கோப்பைக்குள் ஊற்ற வேண்டிய பாலைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றியதால் வந்த சண்டை ஞாபகம் இருக்கிறதா? போன வாரம் அங்கேதான் இவர்களை விட்டுவிட்டு வந்தோம். வெள்ளை மேசை, வெள்ளைக் கோப்பை, வெள்ளைப் பால். "கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்று கணவர் கேட்டார். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். அவள் மட்டும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. "அதைத்தான் நானும் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சிந்திய பாலைத் துடைக்காமலே போய்ப் படுத்துவிட்டாள்.

அந்தச் சண்டை இன்று காலை எட்டரை மணிக்கு இருவரையும் கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது.

கணவர் பிரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்பவர். தெருவில் எல்லோருக்கும் அவர் மெக்கானிக். எதையும் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று நம்பியே இருபது வருஷம் பிழைத்தவர். நான்கு வருஷம் முன்பு மனைவிக்கு எம்.எஸ். என்று டாக்டர்கள் சொன்னார்கள். நரம்பின் மேலுறையை உடம்பே அரிக்கிற நோய் என்று விளக்கினார்கள். "எந்தப் பார்ட்டை மாத்தணும்?" என்று அன்றைக்கே கேட்ட மனிதர் அவர். மாற்ற முடியாது என்றதும் வேறொரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். மனைவியை யார் என்ன கேட்டாலும் அவர் பதில் சொல்வது என்பதுதான் அந்த வேலை.

"பேரு?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண், அவளைப் பார்த்து.

மெக்கானிக் பெயரைச் சொன்னார்.

"வயசு?"

"முப்பத்தொம்பது" என்றார் மெக்கானிக்.

"வேலை?"

"மருந்துக் கம்பெனியில இன்ஸ்பெக்டர். ஊசி மருந்துக் குப்பி இருக்கில்ல, அதுல தூசி தும்பு கெடக்கான்னு கண்ணால பார்த்துப் பார்த்து அனுப்பறது. அங்க இவளுக்குப் பேரே கழுகு."

கழுகு வாயே திறக்கவில்லை. திறக்க இடம் வேண்டுமே.

"எனக்கு வாய் இருக்கு" என்றாள், பெஞ்சுக்குத் திரும்பியதும்.

"உன்னைச் சிரமப்படுத்த வேணாம்னுதான்."

"பேரு சொல்றதுல என்னங்க சிரமம்?"

மெக்கானிக் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இன்று மத்தியானம் தொழிற்சாலையில் வருடாந்தரத் தகுதித் தேர்வு. நூறு குப்பிகளைக் கையில் கொடுப்பார்கள். அதில் இருபது பழுதானவை, எவை என்று அவளுக்குத் தெரியாது. பதினெட்டையாவது பிடிக்க வேண்டும். பிடித்தால் இன்னும் ஒரு வருஷம் கழுகு. பிடிக்காவிட்டால் பெட்டி ஒட்டும் பிரிவுக்கு அனுப்புவார்கள், அல்லது வீட்டுக்கு. பதினோரு வருஷமாகத் தேறி வந்திருக்கிறாள். போன வருஷம் இருபதுக்கு இருபது.

அந்த இருபதைத்தான் அவள் ஒரு வருஷமாகத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்காத குறை. கண்ணில் ஏதோ சரியில்லை என்று மனசு சொன்னபோதெல்லாம், சரியில்லாதவள் எப்படி இருபது எடுப்பாள் என்று அதன் வாயை அடைத்துவிடுவாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். கருவியின் மேல் முகவாயை வைத்து, உள்ளே தெரிந்த நீலப் புள்ளியை இமைக்காமல் பார்த்தாள். விழித்திரையை ஸ்கேன் எடுத்தார்கள். வலது கண், இடது கண், மறுபடியும் வலது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார்கள். மேலே பானை போன்ற பெரிய எழுத்தில் தொடங்கி, கடைசி வரியில் கடுகு போன்ற எழுத்து வரைக்கும் தடங்கலில்லாமல் படித்தாள்.

"சூப்பர்" என்றார் படிக்கவைத்தவர். "கடைசி வரி வரைக்கும் தெரியுது."

இந்த ஒன்றரை வருஷத்தில் அவள் அதிகம் வெறுத்த வாக்கியம் அது. வலது கண் ஒரு முறை மங்கி, ஊசி போட்டு, ஒரே மாதத்தில் தெளிந்தது. அதிலிருந்து எங்கே போனாலும் இந்தச் சூப்பர்தான். படிக்கட்டின் விளிம்பு தெரியவில்லை என்பாள், எழுத்து தெரிகிறதே என்பார்கள். வெயிலில் நாலு எட்டு நடந்தால் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி ஆகிறது என்பாள், எழுத்து தெரிகிறதே என்பார்கள். உலகத்தில் எல்லாமே வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதப்பட்டிருந்தால் அவளுக்கும் குறையே இருந்திருக்காது.

கண் டாக்டர் ஐம்பது வயதுப் பெண். கணினித் திரையில் ஸ்கேன் படமும் மேசையில் ஒரு படிவமும் அவர் முன்னால் இருந்தன. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விழித்திரையில நரம்பு இழைங்க ஒரு அடுக்கா படிஞ்சிருக்கும்மா. ரெண்டு வருஷம் முன்னாடி உங்க வலது கண்ணுல அது எண்பத்தெட்டு மைக்ரான் கனம். இப்ப எழுபத்தொண்ணு. இடதுலயும் குறைஞ்சிருக்கு."

"இடது கண்ணுல ஒண்ணுமே வரலையே டாக்டர்" என்றார் மெக்கானிக்.

"சத்தம் போடாமலும் தேயும். ஆனா எனக்குக் குழப்பமே வேற." டாக்டர் படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "அன்றாட வாழ்க்கை எப்படி இருக்குன்னு இருபத்தஞ்சு கேள்வி கேட்டிருக்கோம். கூட்டத்துல தெரிஞ்ச முகத்தை அடையாளம் காண்றது, படி இறங்கறது, சமையல், வேலை, மனசு. இருபத்தஞ்சுக்கும் 'சிரமம் இல்லை'ன்னு டிக் பண்ணியிருக்கீங்க. படம் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நான் எதை நம்பறது?"

"நான் எந்தப் படிவமும் எழுதலையே" என்றாள் கழுகு.



"நீ உள்ள ஸ்கேன்ல இருந்தியா," என்றார் மெக்கானிக், "சும்மாதானே உக்காந்திருக்கோம், டைம் மிச்சமாகுமேன்னு..."

"என் சிரமத்தை நீங்க எழுதினீங்களா?"

"பதினாறு வருஷம் கூட வாழ்றேன். எனக்குத் தெரியாதா?"

"பால் கொட்டினது தெரியும். கண்ணு எங்கன்னு கேட்டதும் தெரியும். அதுக்கு என்ன டிக்கு போட்டீங்க?"

"அதெல்லாம் கவனக்குறைவு. அதுக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம்?"

அவளுக்கு அந்தப் படிவத்தைச் சுக்குநூறாகக் கிழிக்க வேண்டும் போல இருந்தது. டாக்டர் முந்திக்கொண்டார். எழுந்து போய்ச் சுவரில் இருந்த அட்டையை எடுத்துவிட்டு, வேறொரு அட்டையை மாட்டினார்.

"இதுவும் அதே மாதிரி எழுத்துதான். மை மட்டும் ரொம்ப வெளிறி இருக்கும். படிங்க."

கழுகு பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அட்டையைத் திருப்பி மாட்டியிருக்கீங்க டாக்டர்."

"இல்லம்மா. சரியாத்தான் இருக்கு."

"அதுல ஒண்ணுமே இல்லையே. வெறும் வெள்ளையா இருக்கு."

"என்ன வெறும் வெள்ளை?" என்றார் மெக்கானிக். "மேல அஞ்சு எழுத்து இருக்கு. அதுக்குக் கீழ அஞ்சு. வரிசையா இருக்கே." அவர் மளமளவென்று படிக்க ஆரம்பித்தார். முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி.

"சும்மா சொல்றீங்க" என்றாள் அவள்.

"நான் எதுக்கு..." என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அவள் விளையாடவில்லை. அவரும் விளையாடவில்லை. ஒரே அட்டை, ஒரே வெளிச்சம். இருபத்தைந்து கேள்விக்கு யோசிக்காமல் டிக் போட்ட கை மடியில் கிடந்தது, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் ஒரு தடவை சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார்.

டாக்டர் புதிதாக ஒரு படிவத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். மெக்கானிக் கைநீட்டியும் கொடுக்கவில்லை. "மருந்தை மாத்தறதா வேணாமான்னு நரம்பு டாக்டர் முடிவு பண்ணணும். அதுக்கு ஸ்கேனும் வேணும், இதுவும் வேணும். நாளைக்குள்ள நீங்களே நிரப்பிக் கொண்டு வாங்க. நீங்களே."

வெளியே வந்து வண்டியில் ஏறினார்கள். வெயில் ஏறிவிட்டது. மூன்றாவது சிக்னலில் அவளுக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. முன்னால் இருந்த அவருடைய சாம்பல் சட்டை, சாலையோடு ஒட்டிக்கொண்டது.

"நான் ஆபீஸ்ல சொல்லிடப் போறேன்" என்றாள்.

"என்னன்னு?"

"எனக்கு வெளிறினது தெரியலைன்னு. குப்பியில கிடக்கற தூசி எல்லாம் கறுப்பா இருக்குமா? வெள்ளை இழை இருக்கும். முடியில பாதி கனம். அது உடம்புக்குள்ள ரத்தத்தோட போகும்."

"இன்னிக்கு டெஸ்ட் முடியட்டும். எழுதிப் பாரு. போன வருஷம் இருபது எடுத்தவதானே?"

"அதான் எனக்கும் புரியலை."

"எதுக்கு இப்பவே அந்தப் படிவத்துல எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு போடணும்?" அவர் குரல் திடீரென்று உயர்ந்தது. பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் அதுதான்னு ஆயிடும். அதனாலதான் இல்லைன்னு போட்டேன். புரியுதா? எனக்கு அதைப் போடக் கை வரலை."

கோபத்தில்கூட அவளுக்கு அது புரிந்தது. பயந்து போயிருக்கிறார், பாவம். ஆனால் அவர் பயத்துக்கு அவள் கண்ணை அல்லவா அடமானம் வைக்கிறார்? நோய் அவளுக்கு, தைரியம் சொல்ல வேண்டியதும் அவளேதானா? தொழிற்சாலை வாசலில் இறங்கியவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். அவர் வண்டியைக் கிளப்பாமல், போனை எடுத்துக் காதில் வைத்ததை அவள் பார்க்கவில்லை.

சோதனை அறை எப்போதும் குளிர்ந்திருக்கும். அங்கே போனதும் பார்வை கொஞ்சம் தெளிந்தது. நீலக் கவுன், தலையுறை, கையுறை. வரிசையாக எட்டு பூத். ஒவ்வொன்றிலும் பாதிக்குக் கறுப்புப் பலகை, பாதிக்கு வெள்ளைப் பலகை, மேலே விளக்கு. குப்பியை மெதுவாகச் சுழற்றி, கறுப்புக்கு எதிரே ஐந்து நொடி, வெள்ளைக்கு எதிரே ஐந்து நொடி பார்க்க வேண்டும். நல்லதென்றால் வலப்பக்க ட்ரே. பழுதென்றால் இடப்பக்கம் சிவப்பு ட்ரே.

தேர்வுக் குப்பிகளைப் பூட்டி வைத்து, எடுத்துக் கொடுத்து, முடிந்ததும் சரிபார்த்து மார்க் எழுதுவது ஆவணப் பிரிவின் வேலை. ஆவணப் பிரிவு என்றால் இடுப்பில் சாவிக்கொத்தோடு திரியும் அவளுடைய நாத்தனார். மெக்கானிக்கின் ஒரே தங்கை, வீட்டில் பாப்பா. பாப்பாவுக்கு வயது முப்பத்தாறு. கழுகை இந்த வேலையில் சேர்த்துவிட்டது அவள்தான். அதைப் பதினோரு வருஷமாக வாரம் ஒரு முறையாவது சொல்லிக் காட்டுவாள். அண்ணிக்கு ஒன்று என்றால் முதலில் ஓடி வருகிறவளும் அவள்தான். ஊசி போட்டுக்கொண்ட அந்த ஒரு மாதம் கழுகின் தலையை வாரிவிட்டது பாப்பா.

"என்ன அண்ணி, முகம் சரியில்லையே" என்று கேட்டுக்கொண்டே குப்பித் தட்டை வைத்தாள். கண்ணைப் பார்த்துக் கேட்கவில்லை.

"ஒண்ணுமில்லை. ஆரம்பிக்கலாம்."

கழுகு எடுத்தாள். கறுப்பு, வெள்ளை. கறுப்பு, வெள்ளை. கரும்புள்ளி ஒன்று தெரிந்தது, சிவப்பு ட்ரே. கண்ணாடித் துணுக்கு மின்னியது, சிவப்பு ட்ரே. எந்தக் குப்பியிலும் ஊகத்துக்கு இடம் கொடுக்கவில்லை. சந்தேகமாக இருக்கிறது, எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றைக்கூடத் தள்ளவில்லை. கண்ணால் கண்டதை மட்டுமே எடுத்தாள். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக, எடுத்ததை மனசுக்குள் எண்ணிக்கொண்டும் வந்தாள். கழுகுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. தன் கண்ணைச் சந்தேகப்படுகிறவர்கள்தான் எண்ணுவார்கள்.

நூறாவது குப்பியை வைத்தபோது எண்ணிக்கை பதினான்கு.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வந்தது ஒரு மாதிரியான விடுதலை. ஆறு குப்பி போய்விட்டது. தோற்றாயிற்று. இனி யாரும் கடைசி வரி வரைக்கும் தெரியுதே என்று சொல்ல முடியாது, காகிதத்தில் எழுதியே இருக்கும். பாப்பா வந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு சரிபார்க்கும் அறைக்குள் போனாள்.

கால் மணி நேரம் கழித்து, குவாலிட்டி மேனேஜரே கையில் தாளோடு வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, எட்டு பூத்துக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"இருபதுக்கு இருபது! கழுகுன்னா கழுகுதான்மா! மத்தவங்க எல்லாம் பார்த்துக் கத்துக்கங்க!"

யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கையில் தாளும் பேனாவும் வந்து சேர்ந்தன. கீழே 'பரிசோதகர் கையொப்பம்' என்று இருந்தது.

"கை கழுவிட்டு வந்து போடறேன் சார்" என்றாள். நடந்து உடை மாற்றும் அறைக்குப் போனாள். பாப்பா பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"நான் பதினாலுதான் எடுத்தேன்."

"அண்ணி, மெதுவா."

"பதினாலு. நான் எண்ணினேன். மிச்ச ஆறை யாரு எடுத்தது?"

பாப்பா சாவிக்கொத்தைத் திருகினாள். "அண்ணன் போன் பண்ணான். அழுதான் அண்ணி. அவன் அழுது நான் பார்த்ததே இல்லை. எப்படியாவது பார்த்துக்கோன்னான். நான் என்ன பண்ணட்டும்?"

"அதுக்கு?"

"ஆறு குப்பிதானே. இந்தப் பக்கம் இருந்ததை அந்தப் பக்கம் வச்சேன். யாரு கண்ணைக் கெடுத்தேன்? உங்க நல்லதுக்குத்தானே பண்ணேன்?"

"பாப்பா, அது தேர்வுக் குப்பி. அதை யாரும் குத்திக்க மாட்டாங்க. ஆனா நாளைக்கு நான் பார்க்கப் போறது யாரோ ஒரு ஆளுக்குப் போற மருந்து."

"உங்களுக்குப் பின்னாடி மெஷின் இருக்கு, இன்னொரு செக்கிங் இருக்கு. எல்லாத்தையும் நீங்களே தூக்கித் தலையில வச்சுக்காதீங்க. போன வருஷம் நாலு மாத்தினேன். என்ன குடி முழுகிப்போச்சு?"

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். போன சொல் போனதுதான்.

"போன வருஷமா?" என்றாள் கழுகு.

"அண்ணி..."

"போன வருஷம் நான் எடுத்தது பதினாறா?"



கழுகு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு வருஷம். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் குப்பி வீதம் ஒரு வருஷம். படிக்கட்டில் தடுக்கியபோதும், கோப்பை தவறியபோதும், கூட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரியைத் தெரியாமல் கடந்து போய்த் திட்டு வாங்கியபோதும், நான்தான் இருபது எடுத்தேனே என்று தன்னைத் தேற்றிக்கொண்ட வருஷம். போன வருஷம் டாக்டரிடம்கூட அதைச் சொல்லி, சிரித்து, புது மருந்து வேண்டாம் என்று வந்திருக்கிறாள். கணவர் இன்று காலையில்தான் பொய் எழுதினார். தங்கை ஒரு வருஷம் முன்பே எழுதிவிட்டாள். அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து அவளுக்கு நோயே இல்லாமல் செய்துவிட்டார்கள். அவளைத் தவிர எல்லோரும் சௌக்கியம்.

"நான் போய்ச் சொல்லப் போறேன்" என்று எழுந்தாள்.

பாப்பா கவுனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் வேலை போயிடும். வேலை மட்டுமில்ல, போலீசு கேசுன்னு ஆகும். என் வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வேன்? உங்க தலையை வாரிவிட்ட கை அண்ணி இது!"

"அதனாலதான் இன்னும் கத்தாம பேசறேன். கையை விடு."

"அண்ணனை நினைச்சுப் பாருங்க."

"இத்தனை நாளும் உங்க அண்ணனை மட்டும்தான் நினைச்சேன். விடு."

மேனேஜர் தன் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கையொப்பமில்லாத தாளை அவர் முன்னால் வைத்தாள்.

"சார், இது தப்பு. நான் பிடிச்சது பதினாலு. எனக்கு வெள்ளை இழை தெரியலை."

அவர் சிரித்தார். "இது என்னம்மா அடக்கம்? உங்க கண் சர்டிபிகேட்டும் இருக்கே. கடைசி வரி வரைக்கும் படிக்கறீங்க."

"அது கறுப்பு எழுத்து சார்."

"எழுத்து எழுத்துதானே?"

தலையை முட்டிக்கொள்ள அங்கே சுவர் பக்கத்தில் இருந்திருந்தால் முட்டிக்கொண்டிருப்பாள். தோற்றதை நிரூபிக்க இவ்வளவு பாடா? தெரிகிறது என்று பொய் சொன்னால் ஊரே நம்புகிறது. தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னால் ஒரு ஆள்கூட நம்பவில்லை.

எம்.எஸ். என்றால் என்ன, காலையில் எடுத்த ஸ்கேனில் என்ன வந்தது, வெள்ளை அட்டையில் கணவர் படித்ததைத் தான் படிக்க முடியாமல் போனது என்று எல்லாவற்றையும் சொன்னாள். மேனேஜரின் டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் சிரிப்பு குறைந்து, குழப்பம் வந்திருந்தது.

அப்போது கதவைத் தட்டாமலே பாப்பா உள்ளே வந்தாள். முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள்.

"சார், அண்ணி சொல்றதைப் பெரிசா எடுத்துக்காதீங்க" என்றாள். குரலில் கொஞ்சமும் நடுக்கமில்லை. "அவங்களுக்கு நரம்பு வியாதி. அது மூளையையும் தொடும்னு டாக்டருங்களே சொல்லியிருக்காங்க. அப்பப்ப இப்படித்தான், எண்ணிக்கை குழம்பும். வீட்டுலயும் சொன்னதையே சொல்லுவாங்க. நாங்க அனுசரிச்சுப் போறோம்."

கழுகு திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். தலை வாரிவிட்ட கையா இது, வாரிவிட்ட தலைக்குள் ஒன்றுமில்லை என்று சொல்கிற வாயா இது?

மேனேஜர் ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் பாதி நிம்மதி இருந்தது. நம்புவதற்கு வசதியான பக்கம் அது. "வேணும்னா ரெண்டு நாள் லீவு எடுத்துட்டு, ரெஸ்ட் எடுத்துட்டு..."

"சார்," என்றாள் கழுகு. "என் பேச்சை நம்ப வேணாம். அவ பேச்சையும் நம்ப வேணாம். நேத்து நான் பாஸ் பண்ண ட்ரே எல்லாம் இன்னும் லேபிள் ஒட்டாம வெளியதான் அடுக்கியிருக்கு. நீங்களும் ஒரு காலத்துல இன்ஸ்பெக்டரா இருந்தவர்தானே? வந்து என் பூத்துல உக்காருங்க. நீங்களே பாருங்க."

பாப்பாவின் முகத்தில் இருந்த தெளிவு அப்போதுதான் கலைந்தது. "அதெல்லாம் எதுக்கு சார், செகண்ட் செக்கிங் இருக்குல்ல..." என்று தொடங்கினாள். அந்த அவசரம்தான் மேனேஜரை நாற்காலியிலிருந்து எழுப்பியது.

கவுன் மாட்டினார், கையுறை போட்டார். அவளுடைய பூத்தில் உட்கார்ந்து, நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். அவள் எண் எழுதிய நேற்றைய ட்ரே ஒன்றை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார். மற்ற பூத்துகளில் வேலை நின்றுவிட்டது.

முதல் குப்பி. கறுப்பு, வெள்ளை. வலப்பக்கம் வைத்தார். இரண்டாவது, மூன்றாவது. பத்தாவதும் வலப்பக்கம் போயிற்று. பாப்பா மூச்சு விட்டாள். கழுகு இரு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் இருக்கக் கூடாதே என்று ஒரு மனசு வேண்டியது, இருந்து தொலைக்கட்டும் என்று இன்னொரு மனசு வேண்டியது. எது தன் மனசு என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு நோயாளிக்குப் போகிற மருந்தில் பழுது இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற இடத்துக்குத் தன்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களே என்று நினைத்தாள்.

முப்பத்தேழாவது குப்பியைக் கறுப்புப் பலகைக்கு எதிரே பிடித்தவர், ஐந்து நொடியில் எடுக்கவில்லை. மறுபடி சுழற்றினார். மறுபடி பிடித்தார். பிறகு நாற்காலியை நகர்த்தி, அவளுக்கு இடம் விட்டு, அதே வெளிச்சத்தில் அவள் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

"என்ன தெரியுது?"

அவள் குனிந்து பார்த்தாள். தண்ணீர் போன்ற மருந்து, மெல்லச் சுற்றி நின்றது. அவ்வளவுதான்.

"சுத்தமா இருக்கு சார்."

மேனேஜர் அவளையே பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்பு ரெஸ்ட் எடுக்கச் சொன்ன முகம் இல்லை அது. குப்பியைச் சிவப்பு ட்ரேயில் வைத்தார். அடுத்ததை எடுத்தார். நாற்பத்திரண்டாவது குப்பியும் சிவப்பு ட்ரேக்குப் போயிற்று.

நம்பிவிட்டார். கடைசியில் ஒரு மனிதர் நம்பிவிட்டார். அந்த நிம்மதி உடம்பெல்லாம் பரவியபோது, அதற்காகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது அவளுக்கு.

"எத்தனை மாசமா?" என்றார் மேனேஜர், தலையைத் திருப்பாமலே.

பாப்பா கண்ணாலேயே கெஞ்சினாள். எட்டு பூத்தும் காத்திருந்தது. இந்த மாதம் என்று சொன்னால் பாப்பாவின் தப்பு இன்றைய ஆறு குப்பியோடு நின்றுவிடும். போன வருஷத் தாளை யாரும் தேடப் போவதில்லை.

"ஒரு வருஷம் சார்" என்றாள் கழுகு. "போன வருஷத் தேர்வுலேருந்து நான் பாஸ் பண்ண ஒவ்வொண்ணையும் நிறுத்துங்க."